அழகு: பொருளும் அன்றாடப் புழக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அழகு’ என்ற சொல்லுக்கு நேரான பொருள் என்ன?

கண்ணுக்கோ காதுக்கோ மனசுக்கோ பிடித்துப்போகும் தன்மை. அகராதியைப் புரட்டினால் இதைத்தான் முதலில் பார்ப்போம். ஆனால் ஒரு நாள் முழுக்க வீட்டிலும் கடைத்தெருவிலும் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கவனித்தால் வேறு ஒரு சித்திரம் கிடைக்கும். “பொண்ணு அழகா இருக்கா” என்பது ஒன்று. “எவ்வளவு அழகா மடிச்சு வச்சிருக்கான் பாரு” என்பது இன்னொன்று. “பெரிய மனுஷனுக்கு இது அழகில்லை” என்பது மூன்றாவது. முதலாவது தோற்றத்தைச் சொல்கிறது. இரண்டாவது ஒரு வேலை பிசிறில்லாமல் முடிந்ததைச் சொல்கிறது. மூன்றாவதில் தோற்றமும் இல்லை, வேலையும் இல்லை. ஒருவர் தன் இடத்துக்குத் தகுந்தபடி நடந்தாரா என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

விளம்பரங்களும் பாடப்புத்தகப் பொருள்விளக்கங்களும் முதல் பொருளோடு நின்றுவிடுகின்றன. பேச்சுத் தமிழோ மற்ற இரண்டையும்தான் ஓயாமல் புழங்குகிறது. இந்தப் பக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

“அழகா” என்று வினையோடு சேர்த்துச் சொல்லும்போது என்ன பொருள்?

பெரும்பாலும் ‘சரியாக’, ‘ஒழுங்காக’, ‘சிரமமில்லாமல்’ என்ற பொருள். சிந்தாமல் சிதறாமல் சாப்பிடும் குழந்தையிடம் “அழகா சாப்பிடுதே என் தங்கம்” என்கிறோம். கூட்டத்தில் ஒருவர் விஷயத்தை வளர்க்காமல் சொல்லி முடித்தால் “அழகாச் சொன்னார்” என்கிறோம். அவருடைய குரல் கரகரப்பாக இருக்கலாம், மேடைக்கூச்சத்தில் கை நடுங்கியிருக்கலாம். அது இங்கே கணக்கில் வராது. சொல்ல வந்தது சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளிப்போன புழக்கம் உண்டு. “காலைல ஆறு மணி வண்டியைப் பிடிச்சா பத்து மணிக்கு அழகாப் போய்ச் சேர்ந்துடலாம்.” “இந்தத் திண்ணையில பத்துப் பேர் அழகா உட்காரலாம்.” இங்கே அழகு என்பது தாராளம், நெருக்கடியின்மை. நேரமோ இடமோ பற்றாக்குறை இல்லாமல் இருப்பதே ஓர் அழகு என்று பேச்சு எடுத்துக்கொள்கிறது.

“அழகா வீட்டுலயே இருந்திருக்கலாம்” என்று அலுத்துக்கொள்வதும் இந்த வகைதான். தேவையில்லாத வம்புக்குப் போய் மாட்டிக்கொண்ட பிறகு வரும் வாக்கியம். பேசாமல், நிம்மதியாக, மரியாதையோடு என்ற மூன்றையும் அந்த ஒரு சொல் தாங்கிக்கொள்கிறது.

“ஆசிரியருக்கு அழகு”, “உனக்கு இது அழகா?” என்ற அமைப்பை விளக்க முடியுமா?

இந்தச் சொல்லின் உயிர்நாடி என்று நான் நினைக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பெயரோடு ‘கு’ உருபைச் சேர்த்துப் பிறகு ‘அழகு’ என்று வைத்தால், ‘இன்னாருக்குத் தகுந்தது, இன்னாரைச் சிறப்பிப்பது’ என்ற பொருள் வந்துவிடுகிறது. அதிவீரராம பாண்டியரின் வெற்றி வேற்கை ஏறக்குறைய இந்த ஒரே வாக்கிய அமைப்பில்தான் தொடங்குகிறது. கல்விக்கு அழகு கசடற மொழிதல் என்றும், செல்வர்க்கு அழகு செழுங்கிளை தாங்குதல் என்றும் அது வரிசைப்படுத்துகிறது. படித்ததன் அழகு தப்பில்லாமல் பேசுவதில் இருக்கிறது. பணக்காரரின் அழகு உறவுக்காரர்களைத் தாங்குவதில் இருக்கிறது. அந்த நூலில் இன்ன குலத்தாருக்கு இன்னது அழகு என்று பிரித்துச் சொல்லும் வரிகளும் உண்டு. அவற்றை இன்று ஏற்க வேண்டியதில்லை, நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த வாக்கிய அமைப்பு சாதி வரிசையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. “விளையாட்டுன்னா தோத்தாலும் கை குலுக்கிட்டுப் போறதுதான் அழகு”, “கடன் வாங்கினவனுக்கு அழகு சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுக்கறது” என்று யாரும் யாரைப் பற்றியும் சொல்லலாம்.

கண்டிப்பதற்கு இது மிக நல்ல கருவி. “நீ செஞ்சது தப்பு” என்றால் எதிராளி உடனே வாதாடத் தொடங்குவார். “இது உனக்கு அழகா?” என்றால் வாதாட முடியாது. காரணம், அந்தக் கேள்வி அவரைத் தாழ்த்துவதில்லை. ‘நீ இதைவிட உயர்ந்தவன், அந்த உயரத்துக்கு இது ஒட்டவில்லை’ என்று சொல்கிறது. திட்டுக்குள்ளேயே ஒரு மரியாதை வைத்துப் பேசும் இந்த வசதியை நம் முன்னோர் எப்படிக் கண்டுபிடித்தார்களோ! ஊர்ப் பஞ்சாயத்திலும் குடும்பச் சண்டையிலும் இந்த ஒரு வாக்கியம் அடங்காத ஆட்களையும் அடக்கியதை எல்லோரும் பார்த்திருப்போம்.

பெரியவர்களிடம் “உங்களுக்கு இது அழகா?” என்று கேட்கலாமா?

கேட்கலாம், குரலும் மற்ற சொற்களும் பணிவாக இருந்தால். “மாமா, நீங்களே இப்படிப் பேசறது உங்களுக்கு அழகில்லை மாமா” என்று உறவுமுறையைச் சேர்த்துச் சொன்னால் வருத்தமாகத்தான் ஒலிக்கும். உறவுமுறையைக் கழற்றிவிட்டு “உங்களுக்கே அழகா இருக்கா?” என்று மட்டும் கேட்டால் அது சண்டைக்கு இழுப்பதுபோல் ஆகிவிடும். நடுவில் வரும் அந்த ‘ஏ’காரம் கூர்மையானது. வயதில் மூத்தவரிடம் அதைத் தவிர்ப்பது நல்லது.

‘அழகு பார்ப்பது’ என்றால் கண்ணாடி பார்ப்பதா?

கண்ணாடி முன்னால் நின்றாலும் சொல்லலாம். ஆனால் இந்தத் தொடரின் முழு ருசி அடுத்தவருக்குச் செய்து மகிழ்வதில் இருக்கிறது. பேத்திக்குத் தலை பின்னி, தாழம்பூ வைத்துத் தைத்து, ஒட்டியாணம் மாட்டி, நாலடி தள்ளி நின்று பார்க்கும் பாட்டி ‘அழகு பார்க்கிறாள்’. அலங்காரம் பேத்திக்கு, நிறைவு பாட்டிக்கு.

அரசியல் மேடை இந்தத் தொடரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. “என்னை அமைச்சராக்கி அழகு பார்த்த தலைவர்” என்று நன்றி சொல்லாத பேச்சாளர் குறைவு. பதவி என்பது தலைவர் தன் தொண்டனுக்குப் போட்டுப் பார்க்கும் நகை என்று அந்த வாக்கியம் நினைக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு வந்த பதவியை ஒருவர் அணிவித்த நகையாகச் சொல்வது எனக்கு உறுத்தும். தொடர் நல்ல தொடர்தான். வீட்டுக்குள் இருக்கும்வரை அதில் அன்பு மட்டும் இருந்தது.

‘அழகு காட்டுவது’?

இது முற்றிலும் வேறு. உதட்டைச் சுழித்து, நாக்கை நீட்டி, எதிரில் இருப்பவரைப் போலவே முகத்தை வைத்துக் கேலி செய்வது. “டீச்சர், இவன் எனக்கு அழகு காட்டுறான்” என்று பள்ளிக்கூடத்தில் புகார் வருமே, அதுதான். பழிப்புக் காட்டுவது, வக்கணை காட்டுவது என்றும் சொல்வார்கள். தமிழைப் புதிதாகக் கற்பவர்கள் ‘பார்ப்பது’, ‘காட்டுவது’ என்ற ஒரே ஒரு வினை மாற்றத்தில் பொருள் தலைகீழாவதைக் கவனிக்க வேண்டும்.

“ரொம்ப அழகு!” என்று சொல்லிவிட்டு முறைக்கிறார்களே?

அது எதிர்மறை. “அழகுதான் போ!”, “நல்ல அழகு!” என்று தனியாக, இழுத்துச் சொன்னால் நடந்தது அலங்கோலம் என்று அர்த்தம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். எழுத்தில் இந்த இழுவை வராது. அதனால் குறுஞ்செய்தியில் இப்படி அனுப்பினால் பாராட்டு என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

எழில், வனப்பு, கவின் – இவையெல்லாம் அழகுதானா? எதை எங்கே எழுதுவது?

பொருளில் நெருங்கிய உறவு. புழக்கத்தில் வெவ்வேறு வீடுகள். மூன்றும் பேச்சில் வருவதில்லை. எழில் இன்று பெரும்பாலும் இயற்கைக் காட்சிக்கும் ஆள்பெயருக்கும் உரியதாகிவிட்டது. ‘எழில் கொஞ்சும் ஏற்காடு’ என்று சுற்றுலாக் கட்டுரைகள் எழுதி எழுதி அந்தத் தொடர் தேய்ந்துபோயிற்று. வேறு வழி இருந்தால் விட்டுவிடுங்கள். கவின் என்பதை ‘கவின்கலை’ என்ற கூட்டுச்சொல் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் பெயரில் நாள்தோறும் அது புழங்குகிறது. அந்தக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஆண்குழந்தைகளுக்குக் கவின் என்று பெயர் வைப்பதும் இப்போது அதிகம்.

வனப்புக்குத் தனிக் கதை இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு நூலோ தொடர்நிலைச் செய்யுளோ முழுசாகச் சேர்ந்து தரும் பொலிவை வனப்பு என்று சொல்லி, அதை எட்டாக வகுக்கிறது: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. கவனியுங்கள், அங்கே வனப்பு என்பது பெரிய வட்டம், அழகு அதற்குள் ஒரு வகை. செய்யுளுக்கே உரிய சொற்களைத் தேர்ந்து சீராகக் கட்டியதற்கு ‘அழகு’ என்று பெயர். இன்று வட்டம் மாறிவிட்டது. அழகு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு பெரியதாக நிற்க, வனப்பு புலவர் பேச்சில் ஒதுங்கிவிட்டது.

பழைய நூல்கள் அழகை என்னவென்று சொல்கின்றன?

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று வெண்பாக்கள் ஒரே அச்சில் இருக்கின்றன. நாலடியார், முடியின் அழகும், வளைத்து உடுத்திய துணியின் கரையழகும், மஞ்சள் பூசிய அழகும் அழகல்ல, ‘கல்வி அழகே அழகு’ என்று முடிக்கிறது. சிறுபஞ்சமூலம் முடி, மார்பு, நகம், காது, பல் என்று எண்ணிக்கொண்டே வந்து, இவை எதுவும் வனப்பல்ல, நூலோடு பொருந்திய சொல்லின் வனப்பே வனப்பு என்கிறது. ஏலாதி இடை, தோள், நடை, கழுத்து என்று போய், எண்ணோடு எழுத்தின் வனப்பே வனப்பு என்று நிறுத்துகிறது.

மூன்றும் உடலழகை மறுப்பதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் இத்தனை நுட்பமாகப் பார்த்து எண்ணியவர்கள் அதை ரசிக்காதவர்களாக இருக்க முடியாது. துணியின் கரை விழும் விதத்தைக்கூட நாலடியார் விடவில்லையே! ரசித்துவிட்டு, இதற்கு மேலேயும் ஒன்று உண்டு என்கிறார்கள்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூலுக்கு அழகு பத்து என்று அது பட்டியலிடுகிறது. சுருக்கமாகச் சொல்வது, அதே நேரம் விளங்கும்படி வைப்பது, படிப்பவருக்கு இனிமை, நல்ல சொற்களைக் கோப்பது, ஓசை, ஆழம், வரிசைமுறை, உலக வழக்கோடு முரண்படாமை, உயர்ந்த பயன், பொருத்தமான எடுத்துக்காட்டு. முதல் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சுருக்கினால் விளங்காமல் போகும், விளக்கினால் நீளும். இரண்டையும் ஒருசேரச் சாதிப்பதைத்தான் நன்னூலார் முதல் அழகாக வைக்கிறார். இன்றைக்கும் ஒரு கட்டுரையைத் திருத்தும்போது இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை.

‘லட்சணம்’ என்றால் அழகுதானே?

இல்லை, பக்கத்து வீடு. வடமொழியில் லட்சணம் என்றால் அடையாளம், ஒரு பொருளை அதுதான் என்று காட்டும் குறி. ‘இலக்கணம்’ என்பது அதன் தமிழ் வடிவம் என்பார்கள். தனித்தமிழ் அறிஞர்கள் ‘இலக்கு’ என்ற வேரிலிருந்து விளக்குவார்கள். எப்படியானாலும் ‘இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது’ என்ற கருத்து இதன் அடியில் உண்டு. அதனால்தான் “மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா” என்கிறோம். பேரழகி என்று சொல்லவில்லை. எதுவும் குறையில்லை, பார்க்க நிறைவாக இருக்கிறது என்கிறோம்.

அதே அடையாளப் பொருள் கோபத்திலும் வெளிவரும். “நீ வேலை பார்க்கிற லட்சணம் இதுதானா?” என்றால், உன் வேலையின் அடையாளம் இந்தக் குளறுபடிதானா என்று கேட்பது.

இன்னொரு புழக்கம் இருக்கிறது, அதை நான் விரும்புவதில்லை. “பொம்பளைப் பிள்ளையா லட்சணமா இரு” என்று, சத்தமாகச் சிரித்ததற்கும் கால்மேல் கால் போட்டதற்கும் பெண்குழந்தைகளை அடக்குவது. சொல்லின் மேல் குற்றமில்லை. ஆனால் இத்தனை தலைமுறை அப்படிப் பயன்பட்ட பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்கும் பெண்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்.

முகக்களை என்பது எது?

அளந்து காட்ட முடியாத ஒன்று. கண், மூக்கு, நிறம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துவிட்டாலும் மிஞ்சும் ஒளி. நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகத்தில் களை இருக்கும்; பசித்த முகத்தில் இருக்காது. நிச்சயமான பெண்ணுக்கும் பையனுக்கும் கல்யாணக்களை வந்துவிடுகிறது. அழகு பிறவியில் வந்ததாக இருக்கலாம், களையோ வந்து போவது. மனசு சரியில்லாதபோது முதலில் போவது களைதான், மற்றவர்கள் கண்டுபிடிப்பதும் அதைத்தான்.

ஊருக்கும் விழாவுக்கும்கூட இந்தச் சொல் உண்டு. ஜவுளிக்கடை வாசலில் கூட்டம் சேர்ந்ததும் தீபாவளி ‘களைகட்டுகிறது’. ஒரு வீட்டில் பத்துப் பேர் வந்து தங்கினால் அந்த வீடு களைகட்டிவிடும். வயலில் பிடுங்கும் களையும் இதே எழுத்துதான் என்றாலும், பொருளால் வேறு சொல்.

“நிறம் கம்மிதான், ஆனா களையான முகம்” என்று பெண் பார்க்கும்போது சொல்வது சரியா?

அந்த ‘ஆனா’வில்தான் சிக்கல். நிறம் ஒரு குறை என்று முதலில் தீர்ப்பு எழுதிவிட்டு, ஆறுதலாகக் களையைக் கொடுக்கிறது அந்த வாக்கியம். “நல்ல நிறம்” என்றாலே வெளுத்த நிறம் என்று பொருள் ஆகிவிட்டதும் இதே நோய்தான்.

மொழிக்குள் இதற்கு மறுப்பு எப்போதோ இருக்கிறது. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்பது பழமொழி. அடிப்பிடித்த சோற்றின் காந்தலைச் சுரண்டித் தின்றவர்களுக்கு அந்த இரண்டாம் பாதி புரியும். கம்பர் இராமனை ‘மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ’ என்று திகைத்து, ‘அழியா அழகு உடையான்’ என்று முடிக்கிறார். முதல் உவமையே கண்ணுக்கு இடும் மை. கரிய திருமேனியை நினைத்து உருகிய மண்ணில் ‘சிவப்பழகு’ என்ற ஒரு சொல்லைக் களிம்பு விற்பதற்காக உருவாக்கினார்கள். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. பெயர் மாறியது நல்லதுதான். கல்யாண விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ கேட்பது நிற்க வேண்டும்.

இலங்கைத் தமிழில் ‘வடிவு’ என்கிறார்களே, அது உருவம் இல்லையா?

தமிழகத்தில் வடிவு என்றால் உருவம், அமைப்பு. யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு. “வடிவான பிள்ளை”, “சீலை வடிவாக் கிடக்கு” என்று இயல்பாகச் சொல்வார்கள். அங்கே பேச்சில் ‘அழகு’க்குக் கிடைக்காத இடமெல்லாம் வடிவுக்குத்தான்.

இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம் வேறு. “வடிவாச் சாப்பிடுங்கோ” என்றால் வயிறு நிறைய, நன்றாகச் சாப்பிடுங்கள். “வடிவா யோசிச்சுச் சொல்லும்” என்றால் ஆற அமர யோசித்துச் சொல்லுங்கள். “எனக்கு வடிவாத் தெரியாது” என்றால் துல்லியமாகத் தெரியாது. இங்கே ‘அழகா’ நடந்த அதே பாதையில் அங்கே ‘வடிவா’ நடந்திருக்கிறது. தோற்றத்தைச் சொல்லும் சொல்லை எடுத்து ‘செய்வதைத் திருத்தமாகச் செய்’ என்பதற்கு வைத்துக்கொள்வது, கடலுக்கு இரண்டு கரையிலும் தமிழர்களுக்கு ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

தமிழகத்திலும் வடிவுக்கு அழகுப் பொருள் அற்றுப்போகவில்லை, பெயர்களில் ஒளிந்திருக்கிறது. திருவொற்றியூரில் வடிவுடையம்மன் இருக்கிறாள். வடிவு, வடிவுக்கரசி என்ற பெயர்களில் உருவம் என்று மட்டும் பொருள் கொண்டால் அர்த்தமே வராது.

அழகு என்பது பெண்களுக்கான சொல்லா?

விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மதுரைக்குப் போனால் அந்த எண்ணம் கலைந்துவிடும். ஊர் நடுவே இருப்பவர் சொக்கர். சொக்கு என்றால் அழகு, மயக்கும் அழகு. வடமொழியில் அவரே சுந்தரேசுவரர். மதுரைக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருப்பவர் அழகர். சித்திரைப் பௌர்ணமியில் அவர் கள்ளழகராகக் குதிரை ஏறி வைகையில் இறங்கும்போது, லட்சக்கணக்கான மக்கள் வெயிலையும் நெரிசலையும் பொறுத்துக்கொண்டு பார்க்க வருவது ‘அழகன்’ என்று பெயர்கொண்ட ஓர் ஆணைத்தான். ஆண்டாள் அரங்கனைப் பாடும்போது குழலழகர், வாயழகர், கண்ணழகர் என்று அடுக்குகிறாள். ஒரு பெண் ஓர் ஆணின் அழகைக் கூச்சமில்லாமல் எண்ணிச் சொல்லும் பாட்டு அது, மார்கழியில் அவளுடைய திருப்பாவை பாடும் ஊர்களில் இதையும் எடுத்துச் சொல்லலாம்.

முருகு என்ற சொல்லுக்கும் அழகு, இளமை, மணம் என்று பொருள். திரு.வி.க. ஒரு நூலுக்கே ‘முருகன் அல்லது அழகு’ என்று பெயர் வைத்தார். அழகப்பன், அழகர்சாமி, அழகிரி, அழகுமுத்து என்று ஆண்பெயர்கள் தென்மாவட்டங்களில் நிறைய. காரைக்குடியில் கல்லூரிகளைக் கட்டிய அழகப்பச் செட்டியாரின் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. முகச்சவரம் செய்து தலைவாரிக்கொள்ளும் பையனை “என்ன பொம்பளை மாதிரி” என்று கேட்பவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒருவரை நேரடியாக “அழகா இருக்கீங்க” என்று சொல்லலாமா?

இடம் பார்த்து. கணவன் மனைவிக்கும், நெருங்கிய தோழிகளுக்கும் தடையில்லை. அலுவலகத்தில் ஆண் ஒருவர் பெண்ணிடம் சொன்னால், எண்ணம் நல்லதாக இருந்தாலும் சங்கடம் ஆகலாம். அங்கே உடம்பை விட்டுவிட்டு வேலையைச் சொல்லுங்கள்: “அறிக்கை அழகா வந்திருக்கு”, “அழகா எடுத்துச் சொன்னீங்க.” தமிழ் இந்த வசதியைக் கொடுத்திருக்கும்போது பயன்படுத்திக்கொள்ளலாமே. உடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘பாந்தமா இருக்கு’ என்பது கண்ணியமான சொல். உடை அணிந்தவருக்குப் பொருந்தியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. ‘எடுப்பா இருக்கு’ என்றால் தனித்துத் தெரிகிறது என்று பொருள்; வயதானவர்கள் சிலர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னொரு வழக்கம். பல வீடுகளில் குழந்தையை “என்ன அழகு!” என்று வந்தவர் சொல்வதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. கண்பட்டுவிடும் என்ற பயம். கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டே அழகில் வேண்டுமென்று ஒரு குறை வைப்பதுதான். அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த வீடுகளில், பிழைத்த பிள்ளைக்குக் குப்பை, பிச்சை என்று பெயர் வைத்ததும் இதே பயத்தில். அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் துக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். திருஷ்டியில் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட, பாட்டி பக்கத்தில் இருந்தால் “நல்லா இருக்கணும்” என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அவர் மனசு ஆறும்.

‘அழகான’, ‘அழகிய’ – எது சரி?

இரண்டும் சரி. ‘அழகான’ பேச்சுக்கும் எழுத்துக்கும் பொது. ‘அழகிய’ எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. வீட்டில் “அழகிய சட்டை” என்று யாரும் சொல்வதில்லை. பெயரோடு நேராகச் சேரும்போது வல்லின ஒற்று மிகும்: அழகுத் தமிழ், அழகுச் சிலை, அழகுக் கலை.

அழகு, அளகு, அலகு – வேறுபாடு என்ன?

‘அலகு’ பறவையின் மூக்கு. அளவையின் அடிப்படைக் கூறும் அலகுதான். நேர்த்திக்கடனாக நாக்கிலும் கன்னத்திலும் குத்திக்கொள்ளும் வேலும் அலகு. ‘அளகு’ இன்று புழக்கத்தில் இல்லாத பழஞ்சொல். கோழியிலும் கூகையிலும் பெண்ணுக்கு அந்தப் பெயர் என்று தொல்காப்பிய மரபியல் சொல்லி, மயிலுக்கும் அது பொருந்தும் என்று சேர்க்கிறது.

தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பரவலான வழக்கு. அப்படிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். ஊர்ப் பேச்சு அது. எழுதும்போது மட்டும் ‘ழ’ போடப் பழக்குங்கள். நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்தி, காற்றை விடச் சொன்னால் ழகரம் வரும். ஒட்டிவிட்டால் ளகரம். ‘பழம்’, ‘மழை’, ‘அழகு’ என்று மூன்றையும் தினம் நாலைந்து முறை சொல்லவைத்தால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.